ரோமானியப் பொற்காசில் ஒரு தேவி: எந்தக் காசை வாங்குவது?

"கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. தேவி உருவம் பொறித்த ரோமானியப் பொற்காசு ஒன்றே ஒன்று வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?" சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன மாதம் கேட்டார். ஏலப் பட்டியல்களைப் புரட்டிப் புரட்டி மூன்று காசுகளில் வந்து நிற்கிறார்: டைபீரியஸின் ஔரியஸ், ஃபாஸ்டினாவின் ஔரியஸ், இரண்டாம் தியோடோசியஸின் சாலிடஸ். (ஔரியஸ் முற்காலத்துக் கனமான பொற்காசு, சாலிடஸ் பிற்காலத்து மெல்லிய பொற்காசு.) இதே இடத்தில் சிக்கிக்கொண்டு வேறு சிலரும் கேட்டிருக்கிறார்கள். நண்பருக்கு எழுதிய பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே வைக்கிறேன். அவர் பட்டியலில் இல்லாத நான்காவது காசு ஒன்றையும் சேர்த்திருக்கிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது.

லட்சுமி காசையும் காசுமாலையையும் பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பொன்னில் பெண்தெய்வம் புதிதல்ல. ஆனால் லட்சுமி காசில் எதை எடுத்தாலும் அதே லட்சுமிதான். ரோமானியக் காசில் அப்படியில்லை. அரசு மக்களிடம் என்ன சொல்ல விரும்பியதோ அதற்கேற்ற தேவி வந்து நிற்பாள். போர் ஓய்ந்தால் பாக்ஸ், வென்றால் விக்டோரியா, அரச குடும்பத்தில் குழந்தை பிறந்தால் ஜூனோ, நோய் நீங்க வேண்டுமென்றால் சலூஸ். ஆகவே காசைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் தேவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால் தேவியின் தெளிவு. அரசனோ அரசியோ தலைப்பக்கத்தில் இருப்பார். தெய்வம் பெரும்பாலும் பூப்பக்கத்தில் இருக்கும். சந்தை விலை வைப்பது தலைப்பக்கத்துக்கு. மூக்குத் தேயாத முகம், கம்பீரமான தாடி என்று பட்டியல்கள் புகழ்வதெல்லாம் அரசனைத்தான். தேவிக்காக வாங்குகிறவர் காசைத் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். அவளுக்கு முகம் இருக்கிறதா? கையில் என்ன பிடித்திருக்கிறாள் என்று தெரிகிறதா? பெயர் எழுதியிருக்கிறதா? தலை சற்றுத் தேய்ந்து, தேவி மட்டும் தெளிவாக நிற்கும் காசை மற்றவர்கள் ஒதுக்கிவிட்டுப் போவார்கள். நமக்கு வேண்டியது அதுதான், விலையும் குறையும்.

அடுத்தது எடை. நம் பவுன் 8 கிராம். அகஸ்டஸ் காலத்து ஔரியஸ் ஏறக்குறைய 7.9 கிராம், பவுனுக்கு ஒரு குன்றிமணி குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். கி.பி. 64இல் நீரோ ஒரு ரோமானிய ராத்தல் பொன்னில் 45 காசு அடிக்கச் செய்த பிறகு அது 7.3 கிராம் அளவுக்கு இறங்கியது. 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சாலிடஸ் ராத்தலுக்கு 72, சுமார் 4.5 கிராம், அரைப் பவுனுக்குச் சற்று மேல். ஔரியஸின் விலையில் பொன்னின் மதிப்பு ஒரு சிறு பங்குதான். பொன் விலை ஏறினால் காசின் விலையும் அதே வேகத்தில் ஏறும் என்று நம்பி யாரும் ஔரியஸ் வாங்க வேண்டாம்.

மூன்றாவது, காசு உண்மையானதா, அதில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்பது. உரைகல்லில் உரசிப் பார்த்துப் பயனில்லை, ஏனென்றால் திறமையான போலிக்காரர் நல்ல பொன்னில்தான் அடிப்பார். ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தானே வெட்டிய அச்சுகளைக் கொண்டு அடித்த போலிகள் இன்றும் சந்தையில் சுற்றுகின்றன. வெள்ளியிலும் செம்பிலும் காலம் களிம்பாகப் படியும். பொன்னில் அது படிவதில்லை. இரண்டாயிரம் ஆண்டுக் காசும் நேற்றுச் செய்த காசும் ஒரே மஞ்சளாக மின்னும்.

நான்காவது, காசு யார் யாரிடம் இருந்து வந்தது என்ற வரலாறு. ஜூலியஸ் சீசரின் கொலையை அறிவித்து புரூட்டஸ் அடித்த ஔரியஸ் ஒன்று 2020இல் லண்டன் ஏலத்தில் 30 லட்சம் பவுண்டுக்கும் மேல் போனது. அதன் உரிமை வரலாறு புனையப்பட்டது என்று பின்னர் தெரியவந்து, 2023இல் அந்தக் காசு கிரேக்க நாட்டிடம் ஒப்படைக்கப்பட்டது. சிறிய காசுகளுக்கும் இதே ஆபத்து உண்டு. பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்திருக்கும் காசுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் போகாது.

ஐந்தாவது, வாங்கிய பிறகு வரும் செலவு. அதைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

## டைபீரியஸின் ஔரியஸ்: பெயர் சொல்லாத தேவி

நாற்காலியில் அமர்ந்த ஒரு பெண், ஒரு கையில் நீண்ட கோல், மறு கையில் ஆலிவ் கிளை. சுற்றிலும் "பொன்டிஃப் மாக்ஸிம்" என்ற எழுத்து. அது தலைமைப் பூசகர் என்ற அரசனின் பட்டம். தேவியின் பெயர் எங்கும் இல்லை. கிளையைப் பார்த்துச் சமாதான தேவி பாக்ஸ் என்பார்கள். அரசனின் தாய் லிவியாவே தேவிக் கோலத்தில் அமர்ந்திருக்கிறாள் என்பார்கள் வேறு பலர். கி.பி. 14 முதல் 37 வரையிலான டைபீரியஸ் ஆட்சி ஏறக்குறைய முழுவதும் இன்றைய பிரான்சின் லியோன் நகரத்து அக்கசாலை இதே உருவத்தைத்தான் திரும்பத் திரும்ப அடித்தது. நாற்காலிக் கால்கள் வெறுமையாக இருக்கின்றனவா கடைசல் போட்டவையா, அடியில் ஒரு கோடா இரண்டு கோடா என்பதை வைத்தே முந்தியது எது, பிந்தியது எது என்று பிரிக்கிறார்கள்.

தமிழ் வாசகர்களை இந்தக் காசு இழுப்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. "பொன்னொடு வந்து கறியொடு பெயரும்" என்று அகநானூறு முசிறிக்கு வந்த யவனர் கலங்களைப் பாடுகிறது. அந்தப் பொன் எப்படி இருந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு டைபீரியஸ் காசும் அகஸ்டஸ் காசும்தான் முன்னால் வரும். தென்னிந்தியப் புதையல்களில் மிகுதியாகக் கிடைப்பவை இவர்கள் இருவரின் காசுகள். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் மட்டும் 501 ஔரியஸ்கள் இருந்தன. அவற்றின் ஒரு பகுதி இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. பெரும்பாலானவற்றில் பேரரசனின் தலைமேல் உளியால் ஆழமாக ஒரு வெட்டு விழுந்திருக்கிறது. செலாவணியிலிருந்து நீக்க வெட்டினார்களா, அயல் அரசனின் அதிகாரத்தை மறுக்க வெட்டினார்களா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. வெட்டியவர்கள் தேடியது தலையை. மறுபக்கத்துத் தேவியை அந்த உளி குறிவைக்கவில்லை.

கிறித்தவ வாசகர்களுக்கு இன்னொரு ஈர்ப்பும் உண்டு. "இராயனுடையதை இராயனுக்கும்" என்று இயேசு சொன்னபோது காட்டப்பட்ட காசு இதன் வெள்ளி வடிவம் என்று நெடுங்காலமாக நம்பப்படுகிறது. அந்த நம்பிக்கையால் இதற்குத் தேவை குறைவதே இல்லை, விலையும் அதற்கேற்ப நிற்கிறது.

ஆனால் தேவிக்காக வாங்குகிறவருக்கு என்னால் இதை மனமுவந்து பரிந்துரைக்க முடியவில்லை. பல காசுகளில் அவள் முகம் ஒரு புள்ளி, ஆலிவ் கிளை நான்கு கீறல். வணிக வரலாற்றைக் கையில் பிடிக்க வேண்டும் என்பவருக்கு இதற்கு ஈடான காசு வேறில்லை. தேவியின் அழகைப் பார்க்க வேண்டும் என்பவர் அடுத்த பகுதிக்குப் போகலாம்.

பாக்ஸ்தான் வேண்டும் என்று ஒருவர் உறுதியாக இருந்தால், பொறுத்திருந்து பேரரசன் கிளாடியஸின் ஔரியஸைத் தேடலாம். கிடைப்பது அரிது, விலையும் கூடுதல். லென்ஸ் வைத்து அதைப் பார்த்த அன்று நான் வெகுநேரம் கீழே வைக்கவில்லை. அவளுக்கு விக்டோரியாவின் சிறகு இருக்கிறது. வலது கையால் கழுத்தருகே ஆடையின் மடிப்பை இழுத்துப் பிடித்திருக்கிறாள். அது செருக்கை அடக்கும் நெமெசிஸின் குறி. இடது கையில் மெர்க்குரியின் பாம்பு சுற்றிய கோலைத் தாழ்த்திப் பிடித்திருக்கிறாள், காலடியில் ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து போகிறது. "பாக்கி அகஸ்டே" என்ற எழுத்து அவளைச் சமாதானம் என்கிறது. ஒரு ரூபாய்க் காசளவுப் பொன்னில் வெற்றி, அடக்கம், சமாதானம் மூன்றையும் ஒரே உடலில் வைத்த அந்த அச்சுவெட்டியின் பெயர் நமக்குத் தெரியாது.

## ஃபாஸ்டினாவின் ஔரியஸ்: பாம்புக்கு ஊட்டும் சலூஸ்

2ஆம் நூற்றாண்டில் ஃபாஸ்டினா என்ற பெயரில் இரண்டு அரசிகள். தாய், அன்டோனினஸ் பயஸின் மனைவி, 140இல் இறந்தாள். செனட் அவளைத் தெய்வமாக்கியது. கணவன் 161 வரை ஆண்டான், அவ்வளவு காலமும் அவள் நினைவாகக் காசு அடிக்கப்பட்டது. மகள், மார்க்கஸ் அரேலியஸின் மனைவி. அவள் பெயரிலும் காசுகள் ஏராளம். அதனால்தான் ஔரியஸ் வகையில் இந்த இருவரின் காசுகள் ஓரளவு கிடைக்கின்றன.

தேவிகளின் அணிவகுப்பை வேறெங்கும் இவ்வளவு நிறைவாகப் பார்க்க முடியாது. தாய் ஃபாஸ்டினாவின் காசில் விளைச்சலின் தேவி சீரிஸ் தீவட்டியோடு நிற்கிறாள். பாதாளத்துக்குக் கடத்தப்பட்ட தன் மகளைத் தேடிச் சீரிஸ் இரவெல்லாம் ஏந்தி அலைந்த தீவட்டி அது. எழுத்து "அகஸ்டா" என்று மட்டுமே சொல்லும்; தீவட்டியை வைத்துத்தான் அவளை அடையாளம் காண வேண்டும். மகள் ஃபாஸ்டினாவின் காசுகளில் வீனஸ், ஜூனோ, கான்கார்டியா என்று பெயரே எழுதியிருக்கும். வீனஸின் கையில் ஆப்பிள் இருக்கும்.

நான் எல்லோருக்கும் காட்டுவது மகளின் சலூஸ் காசைத்தான். நலத்தின் தேவி சலூஸ் இடப்பக்கம் பார்த்து அமர்ந்திருக்கிறாள். எதிரே ஒரு பலிபீடம். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு பாம்பு தலை தூக்குகிறது. அவள் கையை நீட்டித் தட்டிலிருந்து அதற்கு ஊட்டுகிறாள். புற்றுக்குப் பால் வார்க்கும் பழக்கமுள்ள ஊரிலிருந்து வந்தவருக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. நல்ல காசில் முழங்காலில் ஆடை இறுகி, கணுக்காலில் மடிந்து விழுவது வரை தெரியும். அந்தக் காலத்து ரோம் அக்கசாலையின் அச்சுவெட்டிகள் துணிக்கு எடை உண்டு என்பதை அறிந்தவர்கள்.

ஐந்து அளவுகோல்களில் தேவியின் தெளிவில் இதுவே முதலிடம். விலைதான் தடை. அதைவிடப் பெரிய தொல்லை, அரசி முகம் இருப்பதாலேயே இவற்றைப் பதக்கமாகவும் மோதிரமாகவும் கட்டி அணிந்திருக்கிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஏலத்தில் ஒன்றை எடுத்தேன். பட்டியலில் "விளிம்பில் லேசான தேய்வு" என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். தலைக்கு நேர் மேலே விளிம்பில் பட்டாணியில் பாதி அளவுக்கு நிறம் சற்று வெளிறியிருந்தது. பற்று வைத்து வளையம் மாட்டி, பிறகு அதை எடுத்துவிட்டு அரம் போட்டிருக்கிறார்கள். அரத்தின் கோடுகள் லென்ஸில் வரிசையாகத் தெரிந்தன. திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க எட்டு மாதம் ஆயிற்று. அதன் பிறகு விளிம்பின் படத்தை முழுவட்டமாக அனுப்பாத யாரிடமும் நான் அரசி காசு வாங்குவதில்லை.

போலி விஷயத்திலும் இங்கே கவனம் தேவை. உண்மைக் காசிலிருந்து அச்சு எடுத்துப் புதிதாக அடித்தால், பழைய காசில் தற்செயலாக விழுந்த கீறலும் ஒவ்வொரு போலியிலும் அதே இடத்தில் பிறக்கும். பழைய ஏலப் படங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே கீறலோடு இரண்டு "வெவ்வேறு" காசுகள் தென்பட்டால் விலகிவிட வேண்டும்.

## சாலிடஸ்: தேவியா, தேவதூதனா?

பொன்னாகவே இருக்க வேண்டும், ஆனால் கைக்கு அடங்கும் விலையில் வேண்டும் என்பவருக்குச் சாலிடஸ்தான் வழி. பெருந்தொகையாக அடிக்கப்பட்ட காசு. சாதாரண வகை ஒன்று நல்ல ஔரியஸின் மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் கீழே கிடைக்கும். விலையில் பொன்னின் பங்கும் கூடுதல். அடியில் உள்ள "கோனோப்" என்ற எழுத்துகள் கான்ஸ்டான்டினோபிளையும் புடம்போட்ட பொன்னையும் குறிக்கும். இதன் மாற்று பல நூற்றாண்டுகள் உலகம் நம்பியது. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற கிரேக்கப் பயணி எழுதிவைத்த கதையில், இலங்கை மன்னன் அவையில் பாரசீக வணிகனும் ரோமானிய வணிகன் சோபாட்ரஸும் தத்தம் அரசரே பெரியவர் என்று வாதாடுகிறார்கள். சோபாட்ரஸ் இரண்டு நாட்டுக் காசுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறான். மின்னும் பொற்காசு பாரசீக வெள்ளியை வென்றுவிடுகிறது.

தேவி தேடுகிறவர் இங்கே ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டாம் தியோடோசியஸ் (408–450) தொடங்கி அனஸ்தாசியஸ் (518 வரை) காலம் வரை நீண்ட சிலுவையை ஏந்திப் பக்கவாட்டில் நிற்பவள் விக்டோரியா. மார்புக்குக் கீழே கச்சு கட்டிய பெண், சிறகுள்ள பழைய வெற்றித் தெய்வம். கிறித்தவ அரசின் காசில் கைப்பொருளை மாற்றிக்கொண்டு நிற்கிறாள். முதலாம் ஜஸ்டின் (518–527) காலத்தில் அந்த உருவம் நம்மை நேராகப் பார்க்கத் திரும்புகிறது, ஆடை ஆணுடையதாகிறது. அது தேவதூதன். ஜஸ்டினியனின் ஏராளமான சாலிடஸ்களில் இருப்பதும் தூதனே. இரண்டையும் "விக்டரி" என்று ஒரே பெயரில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டு முகமா, நேர் முகமா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

கதையோடு ஒரு சாலிடஸ் வேண்டுமென்றால் இரண்டாம் ஜஸ்டினின் (565–578) காசைச் சொல்வேன். கான்ஸ்டான்டினோபிள் நகரமே ஒரு பெண்ணாக, தலைக்கவசத்தோடும் கோலோடும் சிலுவை வைத்த உருண்டையோடும் அமர்ந்திருக்கிறாள். மக்கள் அவளை வீனஸ் என்றே எண்ணினார்கள் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் எபேசஸின் யோவான் எழுதியிருக்கிறார். அடுத்து வந்த இரண்டாம் டைபீரியஸ் அவளை எடுத்துவிட்டுப் படிகள் மேல் நிற்கும் சிலுவையை வைத்தான். வேலைப்பாடு சலூஸின் பக்கத்தில் நிற்காது, உடல் கோடுகளாகச் சுருங்கிவிட்டது. ஆனால் இந்த நீண்ட வரிசையின் கடைசிப் பெண்களில் ஒருத்தி அவள் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மெல்லிய காசு என்பதால் வளைந்து நிமிர்த்தியது, விளிம்பு கத்தரித்தது, பரப்பில் எழுத்துக் கிறுக்கியது எல்லாம் சகஜம். தென்னிந்தியாவில் கிடைத்த சாலிடஸ் பலவற்றில் அரசன் தலைக்கு மேல் இரண்டு துளைகள் இருக்கும், கோத்து அணிந்ததற்கு அடையாளம். எடை 4.4 கிராமுக்குக் கீழே போனால் ஏன் என்று கேளுங்கள்.

## டெனாரியஸ்: கேட்காத பதில்

பொற்காசு கேட்டவருக்கு வெள்ளியைச் சொல்வது முறையல்ல என்று தோன்றலாம். ஆனால் அன்று 25 வெள்ளி டெனாரியஸ் ஒரு ஔரியஸுக்குச் சமம். இன்று ஃபாஸ்டினாவின் டெனாரியஸ் அவள் ஔரியஸின் விலையில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே கிடைக்கிறது. அதே அக்கசாலை, அதே தேவிகள், அதே தீவட்டி, அதே ஆப்பிள். வெள்ளியின் கருமை மடிப்புகளில் தங்குவதால் சில காசுகளில் ஆடை பொன்னில் இருப்பதைவிட எடுப்பாகத் தெரியும். ஒரு சாலிடஸின் விலைக்கு எட்டு, பத்து தேவிகளை வரிசையாக வைத்துக்கொள்ளலாம்.

செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசிய பழங்காலப் போலிகள் உண்டு. விளிம்பில் செம்பு எட்டிப் பார்க்கும். பழைய வெள்ளி படிகமாகி நொறுங்கும் தன்மை பெற்றிருந்தால் கீழே விழுந்ததும் உடையும். மற்றபடி பெரிய நஷ்டத்துக்கு இடமில்லை.

| | டைபீரியஸ் | ஃபாஸ்டினா | சாலிடஸ் | டெனாரியஸ் |
|---|---|---|---|---|
| எடை | ஒரு பவுனை ஒட்டி | 7.3 கிராம் அளவு | 4.5 கிராம் அளவு | 3.3 கிராம் அளவு, வெள்ளி |
| தேவி யார்? | பாக்ஸ் அல்லது லிவியா | பலர். பெயர் அல்லது கைப்பொருளால் தெரியும் | விக்டோரியா, கான்ஸ்டான்டினோபிள் | ஃபாஸ்டினா காசுகளின் அதே தேவிகள் |
| தெளிவு | சுமார் | மிக நன்று | கோட்டோவியம் போல | நன்று |
| கவனிக்க வேண்டியது | பெயருக்காக ஏறிய விலை | பற்று, அரம், போலி | தூதனைத் தேவி என்பது | முலாம், நொறுங்கல் |

## விலைக்கு மேல் போகும் பணம்

நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் இருப்பதுபோல ஏலத்திலும் உண்டு. சுத்தியல் தட்டி முடிந்த விலைக்கு மேல் ஏல நிறுவனத்தின் கமிஷன் 20 விழுக்காட்டை ஒட்டியோ கூடவோ வரும். காப்பீட்டோடு அனுப்பும் செலவு, இறங்கும் நாட்டின் சுங்கவரி, நிபுணரிடம் சான்று வாங்கும் கட்டணம் எல்லாம் தனி. திரும்ப விற்கும்போது விற்பவர் கமிஷனும் பிடிப்பார்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்க்காமல் ஏலத்தில் கை தூக்கக் கூடாது.

இந்தியாவுக்குக் கொண்டுவர நினைப்பவர் இதை இருமுறை படிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்ய முடியாது. உள்ளே வந்த காசை வெளிநாட்டு ஏலத்தில் விற்கலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. உள்ளூரில் "வயலில் கிடைத்தது", "ஆற்று மணலில் கிடைத்தது" என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். மண்ணில் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும் என்பது 1878இலிருந்தே சட்டம். அப்படி ரகசியமாகக் கைமாறும் ஒவ்வொரு காசோடும், அது எந்த ஊரில், எந்தப் பானையில், எந்தக் காசுகளோடு கிடந்தது என்ற செய்தியும் அழிகிறது. புதுக்கோட்டைக் காசுகள் ஒன்றாகப் பதிவானதால்தான் அந்த உளிவெட்டைப் பற்றி இன்று பேச முடிகிறது.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் ரோமானியக் காசுகள் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஐரோப்பா போகிறவர்கள் ஜெர்மனியின் டிரியர் நகரத்தில் இறங்கலாம். 1993இல் அங்கே மண்ணிலிருந்து வந்த 2,500க்கும் மேற்பட்ட ஔரியஸ்கள் அந்த ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

சிங்கப்பூர் நண்பருக்கு நான் சொன்னது இதுதான்: முதலில் மகள் ஃபாஸ்டினாவின் டெனாரியஸ் ஒன்று வாங்குங்கள். லென்ஸ் ஒன்றும் வாங்குங்கள். ஒரு வருடம் அந்தத் தேவியோடு இருங்கள். அப்போதும் பொன் வேண்டும் என்று தோன்றினால், தலை தேய்ந்த, விளிம்பில் கை படாத, பழைய பட்டியலில் படம் உள்ள சலூஸ் ஔரியஸுக்குக் காத்திருங்கள். அவருக்கு டைபீரியஸ் மேல் மனம் போகிறது என்று மறுபடி எழுதியிருக்கிறார். முசிறிக் கதைக்காகத்தான் என்றால் தாராளமாக வாங்கட்டும். நாற்காலிக் கால்களை மட்டும் நன்றாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன்.